கதை கைமாறிய சரிவு

வெள்ளைத்துரைக்குக் கால் ஒடிந்த வருஷம்தான் மலையில் ஏலக்காய் அப்படிக் காய்த்தது. காய்க்கிற வருஷமாகப் பார்த்து ஒருவருக்குக் கால் ஒடிவதும், கால் நன்றாக இருக்கிற வருஷமாகப் பார்த்து மழை பொய்ப்பதும் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. எழுபத்தெட்டு என்று நினைக்கிறேன். ஆடிச் சாரல் விடாமல் பிடித்து, செடியின் தூரிலிருந்து சரம் சரமாகத் தரையில் படர்ந்து, கால் வைக்க இடமில்லாமல் காய் பிடித்திருந்தது.

நான் ஜீப்பு ஓட்டுகிறவன். பெயர் கோட்டைச்சாமி. ராசிங்காபுரத்தில் விடியும் முன்னே பெண்களை நெருக்கியடித்து ஏற்றி, போடி வழியாக முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் சுற்றி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவது என் பிழைப்பு. இடைப்பட்ட பொழுது முழுக்க வண்டிக்குள் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். எனக்கோ பகலில் கண் மூடாது. கீழே சரிவில் வேலை நடப்பதைப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ தரையோடு கிடக்கும். குத்தவைத்துக் காய் பறிக்கிற பெண்ணின் தலைகூட மேலே தெரியாது. காதால் கேட்டால்தான் உண்டு. அந்த மலையில் நடந்ததை நான் பெரும்பாலும் காதால்தான் பார்த்தேன்.

வெள்ளைத்துரை எங்கள் ஊர்க் கங்காணி. ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிப்போய், வேலை வாங்கி, பொழுது சாய வீடு சேர்க்கிறவர். எனக்கு மச்சான் முறை. வாயைத் திறக்காதவரை நல்ல மனுஷன். திறந்தால் மூன்று சரிவுக்குக் கேட்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைச் செடி உண்டு, அதை நெரை என்பார்கள். எல்லாரையும் நெரையில் இறக்கிவிட்டு இவர் பின்னால் நின்றுகொள்வார். முந்திப் போகிறவளை, "ஏ, காயை விட்டுட்டு எங்கிட்டு ஓடுற?" என்பார். பிந்தி நிற்கிறவளை, "இங்கனயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்பார். நடுவில் ஒழுங்காகப் போகிறவளுக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். அடியாத மாடு படியாது என்பது அவருக்கு வேதம். பெண்களைக் கை நீட்டி அடித்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்த வேலையையும் வாயே பார்த்துக்கொண்டது.

ஆவணி பிறந்ததும் பாசி பிடித்த பாறையில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. போடியில் கட்டுப் போடுகிற வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுத்தம் மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "காலை ஊனாமக் கெடந்தா தீவாளி கழிச்சு நடக்கலாம். ஊனுனா ஆயுசுக்கும் நொண்டிதான்" என்று சொல்லி அனுப்பினார்.

எஸ்டேட்டு சூப்பர்வைசர் ராஜாராம் ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. முதலாளிக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

"கெழக்குச் சரிவு பூராவும் பழுத்துக் கெடக்கு வெள்ளைத்துரை. இந்தப் பறிப்பை விட்டா வெடிச்சுரும். வெடிச்ச காயை எலியும் அணிலும் திங்கும், என்னைய மொதலாளி திம்பாரு. தேவாரம் ஊருல அமாவாசைன்னு ஒரு கங்காணி ஆளோட நிக்கிறான். அவங்கிட்டக் குடுத்துரவா?"

வெள்ளைத்துரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சரிவு ஒரு தரம் இன்னொரு கங்காணியிடம் போய்விட்டால் திரும்ப வராது. அந்த வீட்டுக்கு நிலம் நீச்சு கிடையாது. கங்காணி வேலைதான் சோறு.

அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி பொன்னுமணி துடுப்பை நிறுத்தாமலே சொன்னாள்.

"நான் கூட்டிட்டு வர்றேன் சார்."

"நீயா?" என்றார் வெள்ளைத்துரை. "வெறகுக்குப் போற மாதிரின்னு நெனச்சியா?"

"நானும் காய் பறிச்சவதான? கலியாணத்துக்கு முன்னாடி எம்புட்டு வருசம் அந்த மலையில கெடந்தேன்."

"பறிக்கிறது வேற. பறிக்க வைக்கிறது வேற. ஒனக்கு அதட்ட வருமாடி?"

"வராது."

"பெறகு?"

"தெரியல. போய்ப் பாக்குறேன்."

ராஜாராம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பறிப்பு முடியிற மட்டும் பொறுக்குறேன். பிஞ்சு வந்துச்சுன்னா, இல்ல காய் வெடிச்சுச்சுன்னா, சரிவு அமாவாசைக்குத்தான். தீவாளி கழிச்சு வெள்ளைத்துரை வந்து நின்னுரணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் பொன்னுமணி வீடு வீடாகப் போனாள். எத்தனை பேருக்கு வண்டியில் இடம் வேண்டும் என்று தெரிய நானும் கூடவே போனேன். வருஷா வருஷம் காய் பறிக்க வருகிற கருத்தம்மாள் வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"மதினி, ஒங்களுக்காக வர்றேன். ஆனா அண்ணன் காலு சரியாகித் திரும்ப வந்து நின்னாருன்னா, அன்னைக்கே நாங்க ஜீப்பை விட்டு எறங்கிருவோம். இப்பவே சொல்லிப்புட்டேன். வாங்குற நாள் கூலிக்கு மழையில நனையலாம், அட்டைக்கு ரத்தம் குடுக்கலாம். அந்தப் பேச்சையும் கேக்கணும்னு என்ன தலையெழுத்து?"

எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். பொன்னுமணி கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். கடைசியில் அவள் ராக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராக்கு பெருத்த உடம்புக்காரி, முட்டி வீக்கம் வேறு. குத்தவைக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் பறிப்பாள். எந்தக் கங்காணியும் அவளைச் சேர்த்ததில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏத்தா, நெனப்போடதான் செய்யிறியா? காய் வெடிக்கப் போகுதுன்னு பறக்குற நேரத்துல இவளைக் கூப்பிடுற. இவளுக்கு ஒத்த நெரை முடிக்கவே பொழுது போயிருமே."

"அவ இருந்தா பொழுது போறது தெரியாதுண்ணே" என்றாள் பொன்னுமணி. பைத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மலையில் நல்ல சாரல். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் கால்களில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு பெண்கள் சரிவில் இறங்கினார்கள். பொன்னுமணி பின்னால் நிற்கவில்லை. நடுவில் ஒரு நெரை எடுத்துக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். ராக்குவை ஓடையோரம் கடைசி நெரையில் விட்டாள். அந்தக் கோடியில் ராக்கு, இந்தக் கோடியில் கருத்தம்மாள்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். அப்புறம் ராக்குவின் குரல் கேட்டது. அவள் புருஷன் போடிச் சந்தைக்கு ஆடு வாங்கப் போன கதை. வழியில் மழை வந்ததாம். ஆட்டுக்குச் சளி பிடித்துவிடும் என்று வாங்கிய ஆட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டே சிலமலை வரைக்கும் நனைந்து வந்தானாம். பக்கத்து நெரைக்காரி சிரித்தாள். அவளுக்கு அடுத்த நெரைக்குக் கதை கேட்கவில்லை. "என்னடி, என்னடி" என்றது அங்கிருந்து ஒரு குரல். இவள் அதை அவளுக்குச் சொன்னாள். அவள் அடுத்தவளுக்கு. இப்படி நெரைக்கு நெரை கதை கைமாறிப் போனது. போகிற போக்கில் ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்துவிடுவாள். கருத்தம்மாளிடம் போய்ச் சேர்ந்தபோது, ஆடு வீட்டுப்படி ஏறியதும் திரும்பிப் பார்த்து, "நீங்களும் தலையைத் தொவட்டுங்க, காய்ச்சல் வந்துரும்" என்று சொல்லியிருந்தது. கருத்தம்மாள் அதை அங்கிருந்து சத்தமாகத் திருப்பிச் சொல்ல, கதையை ஆரம்பித்த ராக்குவே தரையை அடித்து அடித்துச் சிரித்தாள்.

நான் வண்டிக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஒரேயடியாக வரவில்லை. ஓடைப் பக்கம் கிளம்பி, நெரை நெரையாக மேலே ஏறி, பாறைப் பக்கம் போய் முடிந்தது. நெற்பயிரில் காற்று போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இது காதுக்கு அப்படி இருந்தது.

அதில் இருந்த சூட்சுமம் எனக்குப் பிடிபடச் சில நாள் ஆனது. சந்திரவல்லி என்று ஒருத்தி, கைவேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வழக்கம்போல முந்திக்கொண்டு ஓடினாள். அங்கே அவளுக்குக் கதை வந்து சேரவில்லை. பின்னால் எல்லாரும் சிரிக்க, இவள் மட்டும் தனியே உம்மென்று பறித்தாள். மத்தியானம் மேலே வண்டிப் பக்கம் வந்து தூக்குவாளியைத் திறந்ததும் சண்டைக்கு வந்தாள்.

"நான் ஒருத்தி முன்னாடி கெடக்கேன்னு எவளுக்காச்சும் நெனப்பு இருக்கா? கதையை அங்கனயே முடிச்சுக்கிறீங்க."

"நீ எட்டுற தூரத்துல இருந்தாத்தான குடுக்க முடியும்?" என்றாள் பொன்னுமணி, கொள்ளுத் துவையலை அவள் சோற்றில் வைத்துக்கொண்டே.

"அதுக்குன்னு இவளுகளுக்காக நான் மெல்ல உருட்டிக்கிட்டு இருக்கவா? என் கை நிக்காது மதினி."

"ஒன் கையை யாரு நிக்கச் சொன்னா? ஒன் நெரை முடிஞ்சா பக்கத்து நெரையில கையைப் போடு."

சந்திரவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்று பிற்பகல் முந்தி ஓடவில்லை. பக்கத்தவள் பிந்தினால் அவள் நெரையில் இரண்டு செடியைப் பறித்துக் கொடுத்துத் தன்னோடு இழுத்து வந்தாள், கதை அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. ராக்குவின் நெரைக்கு எப்போதும் யாரோ ஒருத்தியின் கை போய்க்கொண்டிருந்தது. முந்துவதற்கு ஆளில்லாததால் அவசரத்தில் பிஞ்சைப் பிய்ப்பதும் நின்றது. சரத்தில் அடிக்காய்தான் முதலில் முற்றும், நுனி பிஞ்சாக இருக்கும். சரத்தை உருவாமல் ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்துப் பறிக்கப் பொறுமை வேண்டும். கதை வரும் என்று காத்திருக்கிறவளுக்கு அந்தப் பொறுமை தானே வந்தது. கண்ணுக்கே தெரியாத இருபதுக்கு மேற்பட்ட பெண்கள், அதட்ட ஆளில்லாமல், அந்தச் சரிவில் ஒரே கோடாக நகர்ந்தார்கள். எத்தனையோ கங்காணிகளுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன், அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

நல்லது நடந்தால் ஊருக்குப் பொறுக்காது. கிழக்குச் சரிவில் காய் பறிக்கவில்லை, கூத்து நடக்கிறது என்று பேச்சு கிளம்பி, தேவாரம் வரை போய், திரும்பி வெள்ளைத்துரை படுத்திருந்த கட்டிலுக்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அந்த வீட்டில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வெடித்தார்.

"சிரிச்சாளுகளாம்ல? என்னைய நெனச்சுச் சிரிச்சாளுகளா?"

"ஒங்களை எதுக்கு நெனைக்கிறோம்" என்றாள் பொன்னுமணி. "ஆட்டை நெனச்சுச் சிரிச்சோம்."

"இத்தனை வருசம் நான் கட்டிக் காத்த பேரு. ராஜாராம் என்ன நெனப்பாரு? வேலைக்காரி சிரிச்சா வேலை கெட்டுச்சுன்னு அர்த்தம். நாளைக்கு நான் வர்றேன். மேல ஜீப்புலயே உக்காந்துக்கிருவேன். காலு கீழ படாது. மாப்ளே, முன் சீட்டுல எடம் வையி."

பொன்னுமணி அவருக்குச் சோறு போட்டாள். கருவாட்டின் முள்ளை எடுத்துவிட்டு வைத்தாள். என்னை வழியனுப்ப வருகிறவள்போல வேப்ப மரம் வரை வந்தவள் அங்கே நின்றாள்.

"அண்ணே, அவுக வந்து ஒரு சத்தம் போட்டா இவளுக எந்திரிச்சுப் போயிருவாளுக. சரிவு போயிரும். வராதீகன்னு நான் சொன்னா அவுக மனசு ஒடைஞ்சுரும். காலு ஒடைஞ்சதையே தாங்க முடியாமக் கெடக்காக. நான் யாரு பக்கம் நிக்க?"

"சாமி விட்ட வழி" என்றேன். ஒன்றும் தெரியாதபோது எல்லாரும் சொல்வதுதான்.

"எனக்கு அந்தச் சோலி பிடிச்சுப்போச்சுண்ணே" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "சோத்துக்குன்னுதான் போனேன். இப்ப வெள்ளன எந்திரிக்கிறப்பவே மனசு மலைக்கு ஓடுது. இதை நான் யாருகிட்டச் சொல்ல?"

மறுநாள் வெள்ளைத்துரையைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தோம். முந்தல் தாண்டுகிறவரை வண்டியில் ஒருத்தி வாய் திறக்கவில்லை. எஸ்டேட்டில் ராஜாராம் காத்திருந்தார். அவரும் வண்டியருகே நின்றுகொண்டார். பெண்கள் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரம் தயங்கிப் பிறகு வழக்கம்போலக் கதை புறப்பட்டது. ஒவ்வொரு சிரிப்புக்கும் வெள்ளைத்துரை முகம் கறுத்துக்கொண்டே வந்தது. "பாத்தீகளா சார், பாத்தீகளா" என்று ராஜாராமிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் மதிகெட்டான் சோலைப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. அந்த மேகம் இறங்கினால் நம் கை நமக்குத் தெரியாது. ஜீப்பின் மூக்கே மறைந்துபோனது. சரிவு முழுக்க வெள்ளையாகி, அந்த வெள்ளைக்குள்ளிருந்து பெண்களின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திடீரென்று அதுவும் நின்றது. ஒரு கதையின் நடுவில், ஓடைப் பக்கம் முதலில் நின்று, நெரை நெரையாக மேலே ஏறி, பாறை வரைக்கும் அடங்கியது. சொட்டுச் சத்தம் இல்லை.

வெள்ளைத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தான்யா சோலி நடக்குது" என்றார். "நான் வந்துருக்கேன்கிற பயம் இப்பத்தான் வந்துருக்கு." ராஜாராமும் தலையை ஆட்டினார்.

அந்தப் பெண்களை நான் எத்தனையோ நாள் கேட்டவன். சாரலுக்கும் அட்டைக்கும் மேகத்துக்கும் நிற்காத வாய் எதற்கு நின்றது? "மச்சான், இது சரியில்லை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கீழே எங்கேயோ கிளை ஒன்று முறிந்தது. பிறகு வாடை வந்தது. மலையில் இருக்கிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். அங்கே யாரும் யானை என்று சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள்.

சரிவுக்குள்ளிருந்து, வண்டியை உரசுகிற தூரத்தில், பாதைக்கு ஏறி வந்தன. முன்னால் வந்தது ஒரு கிழட்டுப் பெண் யானை. மேகத்துக்குள்ளிருந்து முதலில் நெற்றி வந்தது, பிறகு காது. எங்களைப் பார்த்தது. பார்த்ததும் அப்படியே நின்று, துதிக்கையை ஒருமுறை உயர்த்தி மோந்து, பிறகு எங்களை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல் நடந்தது. அதன் பின்னால் ஒன்று, அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி, அப்புறம் இன்னும் சில வந்தன. அவ்வளவு பெரிய உடம்புகள் நடக்கச் சத்தமே இல்லை. எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. பயம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கோயில் கருவறைக்கு முன்னால் திரை விலகும்போது வருமே, அதுவும் அதில் இருந்தது.

அவை வந்த வழி பெண்கள் இருந்த சரிவு. அது என் மண்டைக்கு உறைத்த அதே நேரத்தில் வெள்ளைத்துரைக்கும் உறைத்தது. அவர் வாய் திறந்தது. "ஏ பொன்னு" என்று கூப்பிடத்தான் திறந்தது. மூன்று சரிவுக்குக் கேட்கும் அந்தக் குரல் கிளம்பினால் யானைகள் மிரண்டு வந்த வழியே திரும்பி ஓடும், அந்த வழியில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கிளம்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒரு முனகல் இல்லை. அந்த மனுஷனை நான் அப்போதுதான் முதன்முதலாக மதித்தேன்.

கடைசி யானையும் பாதையைக் கடந்து எதிர்ச் சோலைக்குள் போனது. மேகம் அப்படியே நின்றது. கீழே சத்தமில்லை. ராஜாராம் பெயர் பெயராகச் சாமிகளை முணுமுணுத்தார். வெள்ளைத்துரை ஜீப்பின் கம்பியைப் பிடித்துக் கீழே சரிந்தார். "காலை ஊனாத மச்சான்" என்று நான் பிடிக்கப் பிடிக்க, கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்துச் சேற்றில் இறங்க ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

பாதித் தூரம் போயிருப்போம். ஓடைப் பக்கமிருந்து ராக்குவின் குரல் வந்தது. கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் ராக்குவின் குரல்தான்.

"போயிட்டாகடி. போறப்ப அந்தக் குட்டி என் தூக்குவாளியை மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுழிச்சுக்கிட்டுப் போகுது. என் கொழம்பு ருசி என் புருசனுக்கு அடுத்து அதுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

பக்கத்து நெரையில் ஒருத்தி அழுகையும் சிரிப்புமாக அதை வாங்கினாள். அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அது மேகத்துக்குள் எங்களைத் தாண்டி மேலே ஏறிப் போனது. நடுவில் ஓரிடத்தில் அதை வாங்கிக் கொடுத்தது பொன்னுமணியின் குரல். வெள்ளைத்துரை அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்ன நடந்தது என்று பிறகு அவர்கள்தான் சொன்னார்கள். ராக்கு தன் கதையின் நடுவில், ஓடையைக் கடந்து ஒரு கால் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறாள். மரத்தூர் என்று நினைத்தாளாம், அது நகர்ந்தது. அவளால் எழுந்து ஓட முடியாது. கத்தவில்லை. கதையைக் கைமாற்றுவதுபோலவே பக்கத்தவளிடம், "பெரியவரு வந்துருக்காக, கதை நிக்கட்டும்" என்று காதோடு சொன்னாள். அது நெரை நெரையாகப் பொன்னுமணியிடம் போனது. அவள் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்: "எவளும் எந்திரிக்க வேணாம். கை நிக்க வேணாம். மெல்லப் பறிச்சுக்கிட்டே இருங்க." யானைகள் நெரைகளுக்கு நடுவே நடந்து போயிருக்கின்றன. மேகத்துக்குள், ஒருத்திக்கு அடுத்தவள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில், அத்தனை பெண்களும் தலை நிமிராமல் காய் பறித்திருக்கிறார்கள்.

"கை எதுக்கு நிக்கக் கூடாதுன்ன?" என்று ராஜாராம் கேட்டார். சாயங்காலம் காய் நிறுக்கிற இடத்தில் எல்லாரும் நின்றோம். எஸ்டேட்டில் எல்லாருக்கும் பால் விடாத கட்டன் காப்பி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"கை சும்மா இருந்தா பயம் உள்ள வந்துரும் சார்" என்றாள் பொன்னுமணி. "பயந்து ஒருத்தி எந்திரிச்சு ஓடுனா எல்லாரும் ஓடுவோம். ராக்கு அக்கா ஓட முடியாது."

ராஜாராம் ஒரு கூடைக்குள் கையை விட்டு அள்ளினார். பச்சைப்பசேலென்று முற்றின காய். விரலால் துழாவிப் பார்த்தார். பிஞ்சு இல்லை. திரும்ப மெதுவாகக் கூடையிலேயே விட்டார். அப்புறம், வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதை விடாமல் வெள்ளைத்துரையைப் பார்த்துக் கேட்டார்.

"சரி வெள்ளைத்துரை, சரிவு ஒங்களுக்குத்தான். தீவாளி கழிச்சு நீ வந்து நின்னுருவேல்ல?"

கருத்தம்மாள் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். பெண்கள் எல்லாரும் பொன்னுமணியைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள், பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

வெள்ளைத்துரை இடுப்பு வரைக்கும் சேறாக, ஒற்றைக் காலில் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எங்கன நிக்க சார்? பின்னாடி நிக்க எடமில்ல அங்க. ஆளுக அவ ஆளுக. எனக்கு ஒரு நெரை குடுப்பாளான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஆம்பளை நெரையில் உட்கார்ந்து காய் பறிப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. களையெடுப்பான், மருந்தடிப்பான், காய் பறிக்க மாட்டான். ராஜாராம் திகைத்துப்போய், "ஊரு சிரிக்குமேப்பா" என்றார்.

"சிரிக்கட்டும் சார். சிரிச்சாத்தான் சோலி நடக்குதுங்கிறாளுகள்ல."

பொன்னுமணி அப்போதுதான் நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை. ஆள் எடுக்கிற கங்காணி பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ராக்கு அக்காவுக்கு அடுத்த நெரை இருக்கு. காலு முழுசா ஆறட்டும். ஆனா அவ குடுக்குற கதையை விடாம அடுத்தவளுக்குக் குடுக்கணும். பிஞ்சு பறிக்கக் கூடாது. அதட்டக் கூடாது."

"பழக்கமில்லை" என்றார் வெள்ளைத்துரை. "பழகிக்கிறேன்."

தீபாவளி போய்க் கார்த்திகையும் பிறந்தபின் அவர் நெரையில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல மேலே வண்டிக்குள் கிடந்தேன். அன்று வெயில் தெளிவாக இருந்தது. ராக்கு எதையோ ஆரம்பித்தாள். என்ன கதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் அது வெள்ளைத்துரையிடம் போனது, அதற்கு மேல் நகரவில்லை. ஒரு பொருமல் கேட்டது, அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல. பிறகு அந்த மூன்று சரிவுக்குக் கேட்கிற குரல் உடைந்து சிரித்தது. நிறுத்த முடியாமல் சிரித்தது. மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் சிரித்தது.

"அண்ணே, கதை எங்க? இங்கிட்டு இம்புட்டுப் பேரு காத்துக் கெடக்கோம்ல" என்று பாறைப் பக்கமிருந்து கருத்தம்மாள் கத்தினாள்.

"இரு ஆத்தா, இரு. சொல்றேன்" என்றார் அவர். சொல்ல முடியவில்லை. அந்தச் சரிவு முழுக்க வேலையை விடாமல் அவருக்காகக் காத்திருந்தது.